80ஜி ரசீது போட்டு எங்க சம்பளத்தயே திருப்பி வாங்குனாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழம உங்க பேப்பர்ல எங்க நாகை மாவட்டத்து தொண்டு நிறுவனங்களப் பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, 2004 சுனாமிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் யார் யார் என்னென்ன செஞ்சாங்கன்னு ஃபோட்டோவோட. படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, பொய்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஃபோட்டோல ஓரமா கையில ரெஜிஸ்டர் நோட்டோட ஒரு பொண்ணு நிக்குதே, அந்த எடத்துல ஒம்போது வருஷம் நின்னவ நான், வேற நிறுவனத்துல. அந்தப் பொண்ணுக்கு எவ்ளோ சம்பளம், அது முழுசா கைக்கு வருதான்னு உங்க நிருபர் கேட்டிருந்தா பக்கம் வேற மாதிரி வந்திருக்கும்.

2011-ல சேந்தேன், மாசம் 4,500 ரூபா. மொத நாளே இயக்குநர் சொன்னாரு, சார்னு கூப்புடாதீங்க, அண்ணான்னு கூப்புடுங்க, நாம எல்லாம் ஒரே குடும்பம்னு. எனக்கு அது ரொம்ப புடிச்சிருந்துச்சு, அதுக்கு முன்னாடி ஜவுளிக்கடைல நின்னுக்கிட்டே வேலை பாத்தவ நான், மொதலாளி கூப்புடுறதே ஏய்னுதான். அப்புறம்தான் புரிஞ்சுச்சு, அண்ணாகிட்ட எப்புடிங்க லீவ் லெட்டர் நீட்டுறது, ஏன்ணா எங்களுக்கு பிஎஃப் புடிக்கலன்னு எந்த வாயால கேக்குறது. 20 பேரோ அதுக்கு மேலயோ ஆள் இருந்தா பிஎஃப் கட்டணும், எங்க ரெஜிஸ்டர்ல எப்பவும் 18 பேர்தான், மீதி பதினஞ்சு பேருக்கு தன்னார்வலர்னு பேரு, அவங்க வாங்குறதுக்கு மதிப்பூதியம்னு பேரு. யாராச்சும் வாய் தொறந்தா, "பணம்தான் முக்கியம்னா கம்பெனிக்குப் போயிருக்கலாமே, இது சேவை" அப்டின்னு ஒரே வரி. கோவமாக்கூட சொல்ல மாட்டாரு, வருத்தமா சொல்வாரு, அதான் இன்னும் கஷ்டம், நாமதான் ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி தலையக் குனிஞ்சிக்கிட்டு வெளிய வந்துடுவோம்.

2017-ல எனக்கு சம்பளம் 12,000 ஆச்சு, பேங்க்லதான் போடுவாங்க ஏன்னா ஆடிட்டுக்கு அப்புடித்தான் காட்டணும். மாசா மாசம் சம்பளம் அக்கவுன்ட்ல ஏறுன மறுநாள் அக்கவுன்டன்ட் அக்கா போன் பண்ணுவாங்க, "ஏடிஎம் போய்ட்டு வந்துடும்மா". 2,500 ரூபாய எடுத்துட்டுப் போய் அவங்க மேஜைல வைக்கணும், அவங்க எண்ணிட்டு ரசீது புக்கத் தொறந்து, என் பேரு, நன்கொடை, ரூபாய் இரண்டாயிரத்து ஐந்நூறு மட்டும்னு நிதானமா எழுதி ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டி கிழிச்சுக் குடுப்பாங்க. ரசீதுக்கு அடில சின்ன எழுத்துல, நன்கொடை குடுத்தவங்களுக்கு வருமான வரில 80ஜி வரிவிலக்கு உண்டுன்னு அச்சடிச்சிருக்கும். வருமான வரி கட்டுற அளவுக்கு சம்பளமே இல்லாதவளுக்கு வரிவிலக்கு ரசீது! மொத தடவ சிரிச்சேன். அந்த அக்காவும் சிரிச்சாங்க, அவங்களும் 3,000 திருப்பிக் குடுக்குறவங்கதான்.

கீழ்வேளூர் பக்கம் ஒரு ஊர்ல மகளிர் குழு மீட்டிங், நூறு நாள் வேலைல கூலி 15 நாளுக்குள்ள அக்கவுன்ட்ல ஏறணும், தள்ளிப்போனா நஷ்டஈடு கேக்க உங்களுக்கு உரிமை இருக்குன்னு சார்ட் பேப்பர்ல எழுதி ஒட்டி சொல்லிக்கிட்டு இருந்தேன். ஒரு பாட்டிமா, வெத்தலய மென்னுக்கிட்டே கேட்டுச்சு, "ஏம்மா, ஒனக்கு மாசா மாசம் சரியா போட்டுடுறாங்களா?" எனக்கு அப்ப மூணு மாசமா சம்பளம் வரல, ஃபண்டர்கிட்டேர்ந்து, அதான் நிறுவனத்துக்குப் பணம் குடுக்குறவங்க, அடுத்த தவணை வரலன்னு சொல்லியிருந்தாங்க. போட்டுடுறாங்க பாட்டினு சொல்லிட்டு அடுத்த சார்ட்ட எடுத்தேன். அந்தப் பொய்ய நெனச்சா இன்னிக்கும் நாக்கு கசக்குது.

கஜா புயல் பத்தி சொல்லாம விட முடியாது. 2018 நவம்பர் 16 விடியக்காலம், வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவுல கரை ஏறுச்சு, எங்க வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஒண்ணு மிச்சமில்ல, பக்கத்துக் கொல்லைல தென்னை அத்தனையும் வேரோட கெடக்கு. அன்னிக்கு மத்தியானமே ஆபீஸ்லேர்ந்து போன், கெளம்பி வாங்கன்னு. பிள்ளைங்கள மாமியார்கிட்ட பள்ளிக்கூடத்துல விட்டுட்டு போனேன். 23 நாள், ஒரு ஞாயிறு கூட இல்லாம, கணக்கெடுப்பு, டோக்கன், தார்ப்பாய், அரிசி, பாய், சானிட்டரி நாப்கின்னு குடுத்துக்கிட்டே இருந்தோம். அப்ப யாரும் வலுக்கட்டாயமா வேலை வாங்கலீங்க, அத சொல்லிடணும், அந்த ஜனங்க நின்ன நெலமைல எவளும் வீட்டுக்குப் போக நெனைக்க மாட்டா. ஆனா பத்தாவது நாளோ என்னவோ, அண்ணா எனக்கும் ஒரு தார்ப்பாய் குடுங்க, கூரை போயிடுச்சுன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "ஸ்டாஃப் பேரு பயனாளி லிஸ்ட்ல இருந்தா ஃபண்டர் தப்பா நெனப்பாங்கம்மா" அப்டின்னாரு. அன்னிக்கு நான் என் கையால 140 தார்ப்பாய் குடுத்தேன், டோக்கன் அடிக்கட்டைய நான்தான் எண்ணி வச்சேன். சாயந்தரம் நம்ம வீட்டுக்கு என் வீட்டுக்காரரு கடன் வாங்கி ஒண்ணு வாங்கிக் கட்டுனாரு. அந்த 23 நாளுக்கு ஈடா ஒரு நாள் லீவு கூட இல்ல, ஆனா ஆண்டறிக்கைல என் ஃபோட்டோ அட்டைலயே வந்துச்சு.

பொண்ணுங்க பாதுகாப்புக்கு 2013-ல வந்த சட்டப்படி பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எடத்துல எல்லாம் உள்ளகப் புகார் குழு இருக்கணும், அதுல வெளி ஆளா ஒரு தொண்டு நிறுவனத்துக்காரங்கள போடலாம்னும் சட்டத்துலயே இருக்கு. எங்க மேடம், அதான் இயக்குநர் சம்சாரம், அப்புடி மூணு கம்பெனி குழுல வெளி உறுப்பினர். எங்க ஆபீஸ் குழுவுக்குத் தலைவர் யாருன்னா அவங்களேதான். இதுக்கு மேல நான் எழுத வேண்டியதில்ல.

அவங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்றேன், ஏன்னா நான் பட்ஜெட் ஷீட் டைப் அடிச்சவ. பணம் குடுக்குறவங்க யாருமே சம்பளத்துக்குன்னு குடுக்க விரும்புறதில்ல. பயனாளிக்கு எத்தன சதவீதம் போச்சு, அதான் மொதக் கேள்வி. கம்பெனிங்க சிஎஸ்ஆர் பணத்துல, அதான் சமூகப் பொறுப்புன்னு ஒதுக்குற பணத்துல, அவங்க சொந்த நிர்வாகச் செலவ 5 சதவீதத்துக்கு மேல காட்டக்கூடாது, அந்த இறுக்கம் அப்புடியே எங்க தலைல எறங்கும். 2020 செப்டம்பர்ல வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்த திருத்துனாங்க, நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரைக்கும் போலாம்னு இருந்தது 20 ஆச்சு, பெரிய நிறுவனம் வாங்கி சின்ன நிறுவனத்துக்குப் பிரிச்சுக் குடுக்குறதையும் நிறுத்திட்டாங்க. எங்களுக்கு டெல்லி நிறுவனம் வழியா வந்துக்கிட்டிருந்த பணம் அதோட நின்னுச்சு. சரி, புரியுது. ஆனா பணம் நிறைய வந்த காலத்துலயும் ரசீது புக்கு தொறந்துதானே இருந்துச்சு? அந்த ரெண்டாயிரத்து ஐந்நூறு எந்தச் சட்டத்தால வந்துச்சு? உலகம் பூரா மனித உரிமை பேசுற ஆம்னெஸ்டிலயே 2019-ல வெளியாளுங்கள வச்சு ஆய்வு பண்ணி, உள்ள வேலைச் சூழல் நச்சா கெடக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு, அவங்களே அத வெளியவும் விட்டாங்க. நம்ம ஊர்ல அப்புடி ஒரு ரிப்போர்ட் எந்த நிறுவனமாவது வெளியிட்டு நான் பாத்ததில்ல.

2020 டிசம்பர்ல என்ன அனுப்பிட்டாங்க. அஞ்சு வருஷம் முடிஞ்சா கிராஜுவிட்டி, அதான் பணிக்கொடை, உண்டு, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், என் கணக்குக்கு 62 ஆயிரம் சொச்சம் வரணும். கேட்டேன். ஃபைல எடுத்துக் காட்டுனாங்க. பதினோரு மாசத்துக்கு ஒரு ஒப்பந்தம், நடுவுல ஒரு மாசம் இடைவெளி, மறுபடி பதினோரு மாசம். அந்த இடைவெளி மாசத்துலயும் நான் ஃபீல்டுக்குப் போனேன், தன்னார்வலரா! அவங்க காகிதத்துப்படி நான் ஒரு தடவகூட முழுசா ஒரு வருஷம் வேலை பாத்ததே இல்ல. பிஎஸ்சி முடிச்ச என் தம்பிதான் படிச்சு சொன்னான், 1978-ல சுப்ரீம் கோர்ட் பெங்களூரு குடிநீர் வாரியம் வழக்குல தர்ம நிறுவனமும் தொழில் நிறுவனக் கணக்குல வரலாம், அதாவது தொழில் தகராறு சட்டத்துக்குள்ள வரலாம்னு தீர்ப்பு குடுத்துருக்கு, ஆனா 2020-ல பார்லிமென்ட்ல பாஸ் பண்ண தொழில் உறவுச் சட்டத்துல தர்ம காரியம் பண்ற நிறுவனங்கள வெளிய தள்ளிட்டாங்கன்னு. இது எத்தன என்ஜிஓ ஸ்டாஃப்க்குத் தெரியும்? மத்தவங்க உரிமைக்கு சார்ட் பேப்பர் எழுதி ஒட்டுற வேலையே சரியா இருக்கும் எங்களுக்கு.

அடுத்த தடவ இந்த மாதிரி பக்கம் போடும்போது உங்க நிருபர இயக்குநர் ரூம்ல டீ குடிக்கிறதோட நிறுத்தாம, டிவிஎஸ் எக்ஸ்எல்ல ஃபீல்டுக்குப் போற பொண்ணுக்குப் பின்னாடி அரை நாள் போகச் சொல்லுங்க. சம்பள ஸ்லிப் இருக்கான்னு கேக்கச் சொல்லுங்க, இருந்தா அதுக்கு அடுத்த நாள் ஏடிஎம் போனியான்னும் கேக்கச் சொல்லுங்க. பணம் குடுக்குற கம்பெனிக்காரங்களும் வருஷத்துக்கு ஒருக்கா விசிட் வர்றாங்கள்ல, பூச்செண்டு வாங்குன கையோட ஸ்டாஃப் பாஸ்புக்க வாங்கிப் பாக்கலாம், அஞ்சு நிமிஷ வேலை.

என்கிட்ட 31 ரசீது இருக்கு, பிள்ளைங்க சர்டிஃபிகேட்டோட ஒரே ஃபைல்ல வச்சிருக்கேன், வேணும்னா ஜெராக்ஸ் அனுப்புறேன். என் பேர மட்டும் போடாதீங்க சார், எனக்குப் பயம்லாம் இல்ல, அந்த அக்கவுன்டன்ட் அக்கா இன்னும் அங்கதான் இருக்காங்க.

இப்படிக்கு,
முன்னாள் களப்பணியாளர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.