சலாம் வரிசையில் ஒரு காலடி

சிலம்பப் போட்டி நடத்தும் சங்கத்தாருக்கும் நடுவர் ஆசான்களுக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு போட்டியில், தனித்திறமைப் பிரிவில் என் மாணவிக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை. கம்பு நழுவவில்லை, கால் தடுமாறவில்லை. ஆட்டத் தொடக்கத்தில் வணங்கி ஆடும் சலாம் வரிசையில் இடக்காலை முன்வைத்துத் தாழ்ந்தாள், அவ்வளவுதான். "முறை தப்பு" என்றார் நடுவர்.

தப்பில்லை ஐயா. எங்கள் வாத்தியார் சொல்லிக்கொடுத்தது அது. இளவயதில் பனையிலிருந்து விழுந்ததில் அவருக்கு வலது முழங்கால் சரியாக மடங்காது. அதனால் இடக்காலில் தாழ்வார். பார்த்துப் பழகிய நாங்களும் அப்படியே தாழ்ந்தோம். குனிந்தாலும் கண் எதிராளியை விட்டு விலகக் கூடாது, எழும்போது கம்பு முகத்தைக் காத்து வர வேண்டும் என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. அதற்காக நான் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது.

சாமி ஊர்வலத்துக்கு முன்னால் தெருவில் ஆடிப் பழகியவர் வீச்சைச் சுருக்குவார். அறுத்த வயலில் பழகியவர் நீட்டுவார். கம்பு ஆடுகிறவரின் நெற்றி உயரம் என்பார்கள்; நெட்டையான வாத்தியாரின் பிடி குட்டையான சீடனுக்கு ஒத்துவராமல் அவன் கையைத் தள்ளிவைத்தால், அவன் சீடனுக்கு அதுவே பாடம். ஏட்டில் இருப்பது கொஞ்சம், கண்ணால் பார்த்துக் கையில் ஏற்றிக்கொண்டதே அதிகம்.

மறந்துபோனதை மரபு என்று சாதிப்பவர்களும் எங்களில் உண்டு, மறுக்கவில்லை. "இந்த அடி எதற்கு?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தாராளமாகக் குறையுங்கள்.

ஆசானுக்கு ஆசான் முறை மாறுவதைக் கராத்தேயில் எப்படிக் கையாண்டார்கள் பாருங்கள். ஒக்கினாவாத் தீவில் இத்தோசு என்ற ஆசான் வகுத்த பின்ஆன் வரிசைகளுக்கு, ஜப்பானின் பெருநிலத்தில் கற்பித்த ஃபுனகோஷி என்ற ஆசான் ஹெயான் என்று பெயர் வைத்தார்; முதலாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றினார். குசாங்கு என்ற பழைய கட்டா (நம் வரிசை போன்ற அடிமுறைத் தொடர்) பள்ளிக்குப் பள்ளி வேறாகிவிட்டது. உலகக் கராத்தே சம்மேளனம் அதில் ஒன்றை மட்டும் சரியென்று எடுத்துக்கொள்ளவில்லை. 102 கட்டாக்கள் கொண்ட அதன் பட்டியலில் குசாங்குவின் வடிவங்களான கான்கு தாய், கோசோகுன் தாய், சாத்தன்யாரா குசாங்கு எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றபோது நாங்களும் பூரித்தோம். மேடை பெரிதானால் பொதுவிதி வேண்டும், புரிகிறது. எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறைக்கு ஒரே விதி இருக்கட்டும். வரிசை ஆடும் பிரிவில் மட்டும், பதிவுப் படிவத்தில் வாத்தியார் பெயரும் முறையும் எழுத ஒரு வரி சேருங்கள். மூத்த ஆசான்கள் ஒவ்வொருவருடைய சலாம் வரிசையையும் படம்பிடித்து நடுவர்களுக்குக் காட்டுங்கள்.

எங்கள் வாத்தியாருக்கு 81 வயது. திண்ணையில் உட்கார்ந்தபடி கையசைவிலேயே காலடி சொல்கிறார். படம்பிடிக்க ஆள் அனுப்பினால் நானே அழைத்துப்போகிறேன். காலையில் வாருங்கள், மதியத்துக்கு மேல் அவருக்குக் களைத்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு சிலம்ப ஆசிரியர்