‘கிஃப்ட்’ எல்லா நாட்டிலும் பரிசு அன்று: கையகராதிப் பதிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஐரோப்பியப் பன்மொழிக் கையகராதியில் ‘கிஃப்ட்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலம், ஜெர்மன், சுவீடிஷ் மூன்றுக்கும் சேர்த்துப் ‘பரிசு’ என்றே அச்சாகியிருப்பதை முன்பே எழுதித் தெரிவித்திருந்தேன். அடுத்த பதிப்பில் பரிசீலிப்பதாகப் பதிலும் வந்தது. அடுத்த பதிப்பும் வந்துவிட்டது. அட்டை மட்டும் மாறியிருக்கிறது.

மேற்படிப்புக்குச் சுவீடன் சென்ற என் தங்கை மகள், வாடகை வீட்டு விண்ணப்பத்தில் இச்சொல்லுக்கு எதிரே ஒரு கட்டத்தைக் கண்டு, தங்கள் அகராதியைப் புரட்டி, படிப்புக்காக உறவினர் தந்த பணத்தைத்தான் கேட்கிறார்கள் என்றெண்ணி, நேர்மையாகக் குறியிட்டாள். அங்கே ‘யிஃப்ட்’ என்று ஒலிக்கும் அச்சொல்லுக்கு ‘மணமானவர்’ என்று பொருள். கணவரின் விவரம் கேட்டுக் கடிதம் வந்தது. இல்லாத கணவர் இல்லை என்று அவள் மெய்ப்பித்து முடிப்பதற்குள் வீடு வேறொருவருக்குப் போய்விட்டது.

மூன்றுக்கும் வேர் ‘கொடு’ என்பதே. நாம் பெண் கொடுப்பது என்கிறோமே, அந்த வழக்குத்தான் சுவீடிஷில் மணத்தைக் குறித்தது; பழைய ஆங்கிலத்திலும் இது மணப்பெண்ணுக்காகத் தரும் விலையாக இருந்தது. ஜெர்மனிலோ, ‘கொடுத்தல்’ எனப் பொருள்படும் கிரேக்க ‘டோசிஸ்’ மருந்தளவுக்குப் பெயரானதைப் பின்பற்றி, ‘கொடுக்கப்பட்டது’ என்பதே நஞ்சுக்கு இடக்கரடக்கல் ஆயிற்று. சுவீடிஷிலும் நஞ்சு என்ற பொருள் உண்டு. ஜெர்மனில் ‘கொடை’ என்ற பழம்பொருள் வரதட்சணையைக் குறிக்கும் ‘மிட்கிஃப்ட்’ என்ற சொல்லில் எஞ்சியிருக்கிறது. அதற்குள் நஞ்சும் ஒலிப்பது தற்செயல் என்றால் நம் ஊர்ப் பெண்கள் நம்புவார்களா என்பது வேறு பேச்சு.

செவிலியராக ஜெர்மனி செல்லும் நம் பிள்ளைகளின் கையிலும் இந்நூல் இருக்கிறது. அங்கே ‘கிஃப்ட்நோட்ரூஃப்’ என்பது நஞ்சுண்டவர்களுக்காக அழைக்கும் அவசர எண். தங்கள் அகராதிப்படி அது பரிசு கிடைக்காதவர்கள் முறையிடும் இடம் போலும். ஆங்கிலத்தில் பார்த்த எழுத்துக்கூட்டல் பக்கத்து நாட்டிலும் இருந்தால் பொருளும் அதுவே என்று முடிவு கட்டுவதற்கு அகராதிக்குழு எதற்கு?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. வேண்டுவது முன்பு கேட்டதுதான்: மொழிக்கொரு பதிவாக, ஒலிப்போடும் பொருளோடும் இச்சொல்லைப் பிரித்துத் தாருங்கள். விற்பனைக்கு நிற்கும் படிகளில் அடுத்த பதிப்புக்குக் காத்திராமல் திருத்தத் தாள் ஒன்றை இணைத்து, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அது கிடைக்கச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்