கருப்பு ஒயர்

அன்புள்ள நண்பா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாதது தப்புதான். வேலை அதிகம் என்றால் நீ சிரிப்பாய், அதனால் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான்.

மூன்று ராத்திரி தூக்கம் போன கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எஸ்டிஎம்32 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் சிப் இருக்கும் போர்டு ஒன்றில் டீபக் புரோபை மாட்டினேன், சிப்புக்குள் புரோகிராம் எப்படி ஓடுகிறது என்று லேப்டாப்பிலிருந்து பார்க்க. டேட்டா, அதற்குத் தாளம் போடும் கிளாக், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான பூஜ்ய வோல்ட்டான கிரவுண்ட் (கருப்பு ஒயர்), போர்டின் வோல்டேஜைப் புரோப் பார்த்துக்கொள்ள ஒன்று, ஆக நாலே ஒயர். மேஜையில் அருமையாக ஓடியது. போர்டை லேப்டாப் யுஎஸ்பியிலிருந்து கழற்றி பேட்டரிக்கு மாற்றியதும் வந்தது வினை. பத்துத் தடவை முயன்றால் ஒரு தடவை சிப் பதில் சொல்லும். அதுவும் பாதியில் அறுந்துபோகும்.

முதல் சந்தேகம் என் புரோகிராம் மேல். டீபக்குக்கு உரிய பிஏ13, பிஏ14 பின்களைச் சாதாரண பின்னாக மாற்றித் தொலைத்தேனோ என்று, சிப்பை ரீசெட்டில் பிடித்தபடியே கனெக்ட் செய்து பார்த்தேன். ம்ஹூம். கிளாக்கை 4 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். டேட்டா, கிளாக் ஒயர்களைப் பாதியாக வெட்டிச் சாலிடர் செய்தேன். சிப்பே போலி என்று திட்டித் தீர்த்தேன்.

மூன்றாம் நாள்தான் மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து (ஒயர் அறுபடாமல் இருந்தால் சத்தம் போடும்) ஒயர் ஒயராகத் தொட்டேன். கருப்பு மட்டும் சத்தமே போடவில்லை. வெளியே புதுசு மாதிரி இருக்கிறது, உள்ளே ஒயரைப் பின்னோடு நெரித்துப் பிடிக்கும் கிரிம்ப் விட்டிருக்கிறது. புரோபும் போர்டும் ஒரே லேப்டாப்பில் இருந்தவரை யுஎஸ்பி கேபிள் வழியாகவே கிரவுண்ட் ஒன்றாக இருந்திருக்கிறது. அந்த ஒயர் ஒப்புக்குத் தொங்கியிருக்கிறது! "முதல்ல கருப்பை மாட்டுடா" என்று லேபில் நீ கத்துவாயே. குள்ளனிடம் மட்டும் சொல்லிவிடாதே.

அப்புறம், சிரிக்க மட்டும் இதை எழுதவில்லை. உன் மோட்டார் கண்ட்ரோலர் மெயின்ஸை டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராக ரெக்டிஃபை செய்கிறது, அதாவது ஏசியை டிசியாக்குகிறது என்று எழுதியிருந்தாய். அதில் கிரவுண்ட் என்று போட்டிருப்பதை நம்பாதே. அதைச் செய்யும் டயோடு பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் அந்த நெகட்டிவ் லைன், ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் லைவோடு சேர்ந்தே ஆடும். புரோபின் கருப்பு ஒயரை அங்கே மாட்டினால் அந்த லைவ் லேப்டாப்பின் உடம்புக்கே வந்துவிடும். லேப்டாப் எர்த் ஆகியிருந்தால் பட்டென்று வெடிக்கும். பேட்டரியில் ஓடினால் உன் கை படும்வரை காத்திருக்கும்.

புரோகிராம் எழுதி முடிக்கும் வரை மெயின்ஸே வேண்டாம். சிப் பகுதிக்கு மட்டும் தனி சப்ளையில் 3.3 வோல்ட் கொடு. மோட்டார் ஓடும்போதே பார்த்தாக வேண்டுமானால் அந்த வோல்டேஜுக்குத் தாங்கும் யுஎஸ்பி ஐசோலேட்டர் (டேட்டாவை மட்டும் விட்டு, கரண்ட் தொடர்பை அறுப்பது) போடு. அப்போதும் புரோபைத் தொடாதே, அது லைவ்தான்.

ஏற்கெனவே மாட்டிவிட்டாயா? அதை மட்டுமாவது உடனே எழுது. பதிலுக்கு ஆறு மாதம் எடுத்துக்கொள்ளும் உரிமை எனக்கு மட்டும்தான்.

உன்,
பழைய லேப் பார்ட்னர்