கூப்பர் பிளாக்கை நசுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடைப் பலகை, திருவிழா நோட்டீஸ், தங்கள் நாளிதழில் வரும் கட்ட விளம்பரங்கள் என எங்கும் ஆங்கிலப் பெயர்களுக்குக் கூப்பர் பிளாக் எழுத்துருவைப் போடுகிறார்கள். தேர்வு நல்லதுதான். கையாளும் விதத்தில்தான் அதன் அழகு போய்விடுகிறது.

ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்த இந்த எழுத்தை, சிகாகோவின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் நிறுவனம் 1922-ல் ஈயத்தில் வார்த்து வெளியிட்டது. விளம்பரத் தலைப்புக்கென்றே பிறந்த எழுத்து இது. எழுத்துக் கோடுகளின் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் செரிஃப் முனைகள் கூர்மையில்லாமல் உருண்டிருக்கும். ஆங்கில ‘ஓ’வின் (O) உள்ளே இருக்கும் வெற்றிடம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். எழுத்துகளின் அடிப்பகுதிகூடத் தட்டையாக இராது. அதனால் கீழே ஒட்டிக் கோடு போட்டால் இடைவெளி கோணலாகத் தெரியும். கோட்டைக் கொஞ்சம் இறக்கிப் போட வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, சிற்றெழுத்து ‘ஏ’ (a), ‘இ’ (e) ஆகியவற்றின் உள்ளே இருக்கும் துளை. அது மிகச் சிறியது. நாளிதழ்த் தாளில் மை பரவும்போது முதலில் அடைபடுவது அதுதான். என் கணக்கில் 14 பாயிண்ட் எழுத்தளவுக்குக் கீழே இதைப் பயன்படுத்தவே கூடாது. முகவரியும் தொலைபேசி எண்ணும் வேறு எழுத்தில் வரட்டும். ஏற்கெனவே தடித்த இந்த எழுத்துக்கு ‘போல்ட்’ பொத்தானை அழுத்தினால், மென்பொருள் செயற்கையாகச் சதை சேர்த்துத் துளையை மூடிவிடும். கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் எழுத்தைச் சுற்றி 2 மி.மீ. அவுட்லைன் கொடுத்தால் அதில் 1 மி.மீ. எழுத்தின் உள்ளே ஏறிவிடும். அவுட்லைனை எழுத்துக்குப் பின்னால் தள்ளும் ‘பிஹைண்ட் ஃபில்’ தேர்வு செய்தால் அந்தச் சிக்கல் இல்லை.

இடம் நிரப்புவதற்காகப் பக்கவாட்டில் இழுப்பது இன்னொரு கொடுமை. செங்குத்துக் கோடுகள் மட்டும் தடிக்கும், கிடைக்கோடுகள் அப்படியே நிற்கும், உருண்ட முனை முட்டை வடிவமாகும். இடம் மிஞ்சினால் மிஞ்சட்டும். முழுக்கப் பேரெழுத்தில் அடிப்பதையும் தவிர்க்கலாம். இதன் களை சிற்றெழுத்தில்தான் இருக்கிறது.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துக்கு இதைவிட உறுதியானது அரிது. மை உள்ளே கசிந்தாலும் தின்றுபோக மெல்லிய கோடு இதில் இல்லை. பனியனில் ஸ்கிரீன் பிரிண்ட் போடுவதற்கும் அதே காரணத்தால் பொருந்தும்.

பக்கத்தில் தமிழ்ப் பெயர் வந்தால், தடிமன் சீரான, முனை மழுங்கிய தமிழ் எழுத்தைச் சேர்க்கவும். கூப்பர் பிளாக்கில் கீழிறங்கும் வால்கள் குட்டையானவை என்பதால் வரிகளை நெருக்கி அடுக்கத் தோன்றும். தமிழில் ‘கு’, ‘மூ’ போன்றவற்றின் அடிக்கொக்கி அடுத்த வரியில் இடிக்கும். அந்த வரிக்குத் தனியாக இடைவெளி கூட்டத்தான் வேண்டும்.

தங்கள் விளம்பரப் பிரிவு, துளை அடைபடும் அளவில் வரும் டிசைன்களை அச்சுக்கு முன்பே திருப்பி அனுப்பினால், காசு கொடுக்கும் சிறு வணிகரின் கடைப்பெயர் வாசகர் கண்ணில் தெளிவாகப் படும்.

இப்படிக்கு,
அச்சக வடிவமைப்பாளர் ஒருவர்