அந்தப் பேப்பர் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமூகப்பணிப் படிப்பில் களப்பணி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். மாணவர்களுக்கு அதனால் என்னென்ன கிடைக்கிறது என்று விரிவாகவே எழுதியிருந்தீர்கள், சரி. அவர்கள் போய் இறங்குகிற குடியிருப்புக்கு என்ன கிடைக்கிறது என்று ஒரு வரிகூட இல்லையே?

நானும் அதே படிப்பைப் படித்தவள்தான். வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு குடியிருப்புக்குப் போய், வீடு வீடாக ஏறி இறங்கி, வருமானம் எவ்வளவு, எத்தனை பேர் படிக்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சர்வே எடுத்தோம். ஒரு அம்மா பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "போன வருஷம் வந்த பிள்ளைங்களும் இதையேதான் கேட்டாங்க, அந்தப் பேப்பர் எங்கே?" என்றார். அது துறை அலமாரியில் பைண்டு செய்து தூங்கிக்கொண்டிருந்தது. எங்களுடையதும் அப்புறம் அங்கேதான் போனது.

முடிவெடுப்பதில் மக்களின் பங்கேற்புக்கு எட்டுப் படி உள்ள ஏணி ஒன்றை அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இலேயே வரைந்து காட்டிவிட்டார். சர்வே எடுத்தும் கூட்டம் போட்டும் மக்களிடம் கருத்துக் கேட்பது அதில் கீழிருந்து நாலாவது படி, அதோடு நின்றால் அது பேருக்குப் பங்கேற்பு என்பதுதான் அவர் கணக்கு. இதைப் பரீட்சையில் அழகாக எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான் நாங்கள், மறுநாள் காலையில் கேள்வித்தாள் கட்டோடு அதே நாலாவது படியில் போய் நின்றோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை என்றார்கள். நாங்களே மனு எழுதி, நாங்களே கையெழுத்து வாங்கி, நாங்களே அலுவலகத்துக்கு அலைந்தோம். விளக்கு எரிந்தது, மேற்பார்வையாளர் பாராட்டினார், எனக்கு நல்ல மதிப்பெண்ணும் வந்தது. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது விளக்கு மறுபடி அணைந்து கிடந்தது. "உங்க காலேஜ் பிள்ளைங்க வரட்டும்னு பார்த்துக்கிட்டிருக்கோம்" என்றார்கள். யாரிடம் மனு கொடுப்பது, யார் பதில் சொல்ல வேண்டியவர் என்று நாங்கள் ஒருவருக்கும் காட்டிக் கொடுக்கவில்லை. அவர்களை எழுதவிட்டிருந்தால் மூன்று மாதம் ஆகியிருக்கும், செமஸ்டருக்குள் முடியாதே!

அமெரிக்கச் சமூகப்பணி முன்னோடி ஜேன் ஆடம்ஸ் 1889இல் சிகாகோவில் ஏழைகள் வசித்த பகுதிக்கே குடிபோய், பல்லாண்டுகள் அங்கேயே இருந்து வேலை செய்தார். மாணவர்களை அப்படிக் குடிபோகச் சொல்லவில்லை, கல்லூரியாவது ஒரே குடியிருப்பில் ஐந்தாறு வருடம் நிற்கலாமே? முந்தைய செட் விட்ட இடத்தில் அடுத்த செட் தொடங்கட்டும். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் அந்தக் குடியிருப்பிலிருந்து ஒருவரையும் உட்கார வைத்தால் பாதி ரிப்போர்ட்டின் குட்டு வெளிப்பட்டுவிடும் (என்னுடையதும் சேர்த்துத்தான்).

இதற்கெல்லாம் நேரமில்லை என்று துறைகள் சொல்லலாம். அந்தச் சர்வேயில் என்ன தெரிந்தது என்பதை ஒரு பக்கத்தில் எளிமையாக எழுதி, அந்த மக்கள் கூடியிருக்கும்போது வாசித்துக் காட்டிவிட்டு, ஒரு நகலை அங்கேயே கொடுத்துவிட்டு வர ஒரு மாலை போதும்.

இப்படிக்கு,
ஒரு பழைய மாணவி