எச்பியும் பிஎஸ்ஐயும் போதாது, சிஎஃப்எம் கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல வீட்டுக்கும் வண்டிக்கும் சேத்து ஏர் கம்ப்ரசர் வாங்குறத பத்தி போட்ருந்த கட்டுரைய படிச்சேன், தேவையான விஷயம்தான், ஆனா முழுக்க எச்பியும் (மோட்டாரோட பலம்) பிஎஸ்ஐயும் (காத்தோட அழுத்தம்) பேசிட்டு சிஎஃப்எம் பத்தி ஒரு வரி கூட இல்லாதது பெரிய குறையா பட்டுச்சு, ஏன்னா கடையில ஜனங்க ஏமாறுற எடமே அதுதான்.

கார் டயருக்கு வேண்டியது 30லேர்ந்து 35 பிஎஸ்ஐ. கார் சாக்கெட்ல சொருகுற சின்ன 12 வோல்ட் பம்பு டப்பாவுலயே 150 பிஎஸ்ஐன்னு போட்ருப்பாங்க, அப்பறம் அந்த நம்பர வச்சு எத தேர்ந்தெடுக்குறது? நிமிஷத்துக்கு எத்தன கன அடி காத்து வருதுங்குறதுதான் சிஎஃப்எம், அது 90 பிஎஸ்ஐல எவ்ளோன்னு கேக்கணும். நட்டு கழட்டுற அரை இஞ்ச் இம்பேக்ட் ரெஞ்சுக்கு 4, 5 சிஎஃப்எம் வேணும், சில பெயிண்ட் கன்னு 10க்கு மேல கேக்கும். அதுலயும் டப்பாவுல பெருசா போடுறது பல சமயம் பிஸ்டன் உள்ள இழுக்குற காத்தோட கணக்கு, நெசமா வெளிய வர்றது நல்லாவே கம்மி, அதுக்கு எஃப்ஏடின்னு பேரு, அத கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க.

நாங்க கூடலூர்க்காரங்க, லோயர் கேம்ப் தாண்டுனா குமுளி மலை. காலையில ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டு போற ஜீப்புல காத்து கம்மியா இருந்தா டயரு நசுங்கி நசுங்கி சூடேறி வெடிக்கவே செய்யும், உள்ள ஒக்காந்துருக்கறது நம்ம வீட்டு பொம்பளைங்க. மலையேறுன சூட்டோட அளந்தா பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும், அதப் பாத்து காத்த எறக்கி விட்றாங்க, ராத்திரி டயரு ஆறுனதும் கம்மியா போயிருது. வீட்ல ஒரு பம்பு இருந்தா காலையில வண்டி எடுக்குறதுக்கு முந்தியே டயரு ஆறியிருக்கப்பவே பாத்துக்கலாம், இதுக்கு மட்டும்னா 12 வோல்ட்டே போதும், பெரிய டயருக்கு பேட்டரியில நேரா கிளிப் மாட்டுறத வாங்குங்க, நடுநடுவுல ஆறவிட்டு ஓட்டுங்க.

டேங்க் வச்ச கம்ப்ரசர் வாங்குனா அடியில இருக்குற வால்வ தொறந்து தண்ணிய வடிக்கணும், சாரல் காலத்துல நம்ம பக்கம் காத்துல ஈரம் ரொம்ப ஜாஸ்தி, அது உள்ள தங்கி துரு புடிச்சு தகடு மெலிஞ்சா டேங்கே வெடிக்கும். ஓட்டை விழுந்தா வெல்டிங் வச்சு ஓட்டவே கூடாது, டேங்க மாத்திறணும். 2 எச்பி மோட்டாருக்கு 15 ஆம்ப்ஸ் பிளக் வேணும், மெல்லிசு எக்ஸ்டென்ஷன் ஒயருல போட்டா வோல்டேஜ் எறங்கி ஸ்டார்ட் ஆகாம உறுமிட்டே காயில் கருகிரும்.

அடுத்த இதழ்ல ஒரு பக்கம் ஒதுக்கி, எந்த வேலைக்கு எத்தன சிஎஃப்எம்னு ஒரு பட்டியல் போடுங்க, கம்பம், கூடலூர் பக்கம் பஞ்சர் கடை வைக்க நெனைக்கிற பசங்களுக்கு உபயோகமா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்