கிளைச் செயலாளரின் ஆண்டறிக்கை: ஊசிக்குத்துப் பதிவேடு

தலைவர் அவர்களுக்கும், நைட் டூட்டி முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் செவிலிய சகோதரிகள், சகோதரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. மே 12 செவிலியர் தினத்தைக் கொண்டாடினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

பணியிடப் பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்று இந்த ஆண்டு வார்டு வார்டாகப் போய்க் கேட்டோம். நோயாளியைத் தூக்கிப் புரட்டி வந்த இடுப்பு வலி, கூட வந்தவர்களின் மிரட்டல், தாழ்ப்பாள் இல்லாத உடை மாற்றும் அறை, எல்லாம் சொன்னார்கள். ஆனால் போன இடமெல்லாம் ஊசிக்குத்துப் பேச்சு வந்தது, அதாவது நோயாளிக்குப் போட்ட ஊசி நம் கையில் குத்திவிடுவது. பதிவேட்டைப் புரட்டினால் பல மாதங்கள் காலி. அதைப் பார்த்துப் பாதுகாப்புக் குழுவில் ‘விபத்து இல்லை’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்தக் குழுவில் வார்டில் நிற்கும் செவிலியர் ஒருவர்கூட இல்லை.

தொகுப்பூதியத்தில் இருக்கும் ஒரு தங்கை சொன்னதைச் சொல்கிறேன். இரவு இரண்டரை மணி. பயன்படுத்திய ஊசிகளைப் போட்டுவைக்கும் வெள்ளை டப்பா கழுத்துவரை நிரம்பியிருக்கிறது. முக்கால் பங்கிலேயே மாற்றியிருக்க வேண்டும். இவர் ஊசியைப் போடும்போது, உள்ளே நீட்டிக்கொண்டிருந்த இன்னொரு ஊசி கையுறையைத் தாண்டி விரலில் ஏறிவிட்டது. குழாயடியில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, அடுத்த கட்டிலுக்கு டிரிப் மாற்றப் போய்விட்டார். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “கவனக்குறைவுன்னு மெமோ வரும்க்கா. அப்புறம் என்னைப் பர்மனென்ட் பண்ணுவாங்களா?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எச்.ஐ.வி. ரத்தம் பட்ட ஊசி என்றால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்கு 3. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி என்றால் நூற்றுக்கு 30 வரைகூடப் போகலாம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். இவ்வளவு அவசரமான மாத்திரை இங்கே பூட்டிய அலமாரியில் இருந்தது. சாவி காலையில் வருபவரிடம்.

கண்காணிப்பாளரை மூன்று முறை பார்த்தோம். இப்போது முதல் தவணை மாத்திரை கேஷுவால்டியில் இரவும் பகலும் கிடைக்கிறது. படிவத்தில் ‘யார் தவறு’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, ‘எப்படி நடந்தது’ என்று மட்டும் கேட்கச் சொன்னோம். அது இன்னும் நடக்கவில்லை, விடமாட்டோம். குழுவில் நமக்கு ஓர் இடமும் கேட்டிருக்கிறோம்.

2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, ஆண்டுக்கு ஒரு பயிற்சி, உடல் பரிசோதனை எல்லாம் நிர்வாகத்தின் கடமை. அது தொகுப்பூதியத்தாருக்கும் உண்டு, அந்த டப்பாவைத் தூக்கிச் செல்லும் தூய்மைப் பணியாளருக்கும் உண்டு. அவர்கள் நம் சங்கத்தில் இல்லை, ஆனாலும் அவர்களுக்கும் சேர்த்தே கேட்டோம்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்றாவது தவணை போடாதவர்கள் இன்று வெளியே போகும்முன் வார்டு பிரதிநிதியிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்